சுவர் காலண்டரா, போன் காலண்டரா, கை டைரியா? பள்ளி நிகழ்ச்சிகளையும் அன்றாட வேலைகளையும் எதில் வைப்பது?

வெள்ளிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே என்றால் அந்த நாளை எந்த அம்மாவும் அநேகமாக மறப்பதில்லை. கோட்டை விடுவது அதற்கு முந்தைய வேலைகளைத்தான். வெள்ளை ஷூ இன்னும் காலுக்குச் சேருகிறதா என்று பத்து நாள் முன்னால் பார்த்திருக்க வேண்டும். சேராவிட்டால் கடைக்குப் போக ஒரு மாலை ஒதுக்க வேண்டும். புதன்கிழமையே கழுவினால்தான் வியாழன் ராத்திரிக்குள் முழுசாகக் காயும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய கடைசித் தேதி அதற்கும் முன்னால் வந்து நிற்கும். ஒரு நிகழ்ச்சி என்பது நடைமுறையில் நாலு தேதி.

அதனால் இந்த மூன்று முறைகளையும் ஒப்பிடும்போது நாம் பார்ப்பது இவற்றைத்தான்: முன்னேற்பாட்டு நாள் கண்ணில் படுகிறதா, வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிகிறதா, தேதி மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது.

சுவர் காலண்டர்

இதன் பெரிய பலம், யாரும் திறக்காமலே எல்லாருக்கும் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைகூட "நாளைக்கு லைப்ரரி புக்" என்று தானே சொல்லிவிடும். தாத்தா பாட்டிக்கு ஆப் எதுவும் வேண்டாம்.

மாதக் கட்டம் உள்ளதைவிட, நாட்கள் கீழே கீழே வரிசையாகவும் ஆளுக்கு ஒரு பத்தியாகவும் இருக்கிற குடும்பத் திட்டத் தாள் பலமடங்கு உதவும். மாதக் கட்டத்தில் இரண்டு பிள்ளைகளின் விஷயங்களும் வீட்டு வேலையும் ஒரே சின்னச் சதுரத்தில் நெருக்கியடிக்கும். மூன்றாவது வரிக்கு மேல் எழுதியது படிக்கவே வராது. உறுதியாகாத தேதியைப் பென்சிலில் எழுதுங்கள், உறுதியானதும் பேனாவால் மேலே எழுதுங்கள். மாட்டும் இடம் வாசலுக்குப் போகும் வழியில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, மாதம் திரும்பும் இடம். 3-ஆம் தேதி மாறுவேடப் போட்டி இருந்தால், 30-ஆம் தேதி வரை அது அடுத்த தாளுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி வாக்கில் அடுத்த தாளைப் புரட்டி, முதல் பத்து நாட்களுக்கான விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளின் அடியில் ஒட்டிவிட வேண்டும். இன்னொன்று, காலண்டர் வீட்டில், நீங்கள் வெளியில். பள்ளி அலுவலகத்தில் நின்றுகொண்டு "அடுத்த செவ்வாய் வர முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது பாதித் தீர்வுதான். வீட்டில் யாராவது புதிதாக ஒரு வரி எழுதியதும் அந்தப் போட்டோ பழசாகிவிடும்.

போன் காலண்டர்

சரியாக அமைத்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அமைப்பைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள், பிறகு "எனக்கு இது சரிப்படவில்லை" என்கிறார்கள்.

முதல் கோளாறு நினைவூட்டும் நேரம். மாற்றாமல் விட்டால் நிகழ்ச்சிக்கு 10 அல்லது 30 நிமிஷம் முன்னால்தான் போன் மணி அடிக்கும். அது அலுவலக மீட்டிங்குக்குப் போதும். சார்ட் பேப்பர் வாங்க வேண்டியவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கூகுள் காலண்டரில் ஒரே நிகழ்ச்சிக்கு ஐந்து நினைவூட்டல் வரை வைக்கலாம். பள்ளி விஷயத்துக்கு மூன்று போதும்: ஒரு வாரம் முன்னால், முந்தின நாள் மாலை, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். அதற்கு மேல் வைத்தால் பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும். 'நாள் முழுவதும்' என்று பதிவு செய்ததற்கு எந்த நேரத்தில் மணி அடிக்கும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். நள்ளிரவில் வரும் நினைவூட்டலால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது, பகிர்வு. குடும்பத்துக்கென்று தனிக் காலண்டர் ஒன்றைக் கணினி பிரவுசரில் உருவாக்கி, கணவருக்கோ வீட்டில் உதவுகிற மற்றவருக்கோ திருத்தும் உரிமையோடு பகிருங்கள். பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்தால் பதிவு செய்யும் வேலை முழுக்க உங்கள் தலையிலேயே நிற்கும். இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு: பகிர்ந்த காலண்டரில் நீங்கள் வைத்த நினைவூட்டல் உங்கள் போனில் மட்டும்தான் ஒலிக்கும். அவர் போனிலும் ஒலிக்க வேண்டுமென்றால் அந்தக் காலண்டரின் நினைவூட்டலை அவர் தன் பக்கத்தில் அமைக்க வேண்டும், அல்லது அந்த நிகழ்ச்சியில் அவரை விருந்தினராகச் சேர்க்க வேண்டும். "காலண்டரில்தான் போட்டிருந்தேனே", "எனக்கு வரவே இல்லையே" என்று வருகிற சண்டைகளில் பலவும் இதனால்தான்.

மூன்றாவது, பள்ளி தருகிற காலண்டர். கோப்பாகத் தரவிறக்கி உள்ளே சேர்த்தால் அது அன்றைய நகல் மட்டுமே; பள்ளி பிறகு தேதியை மாற்றினால் உங்களிடம் பழைய தேதியே இருக்கும். இணைப்பு முகவரி கிடைத்தால் அதைச் சந்தாவாக, அதாவது பள்ளி செய்யும் மாற்றம் தானாக வந்து சேரும்படி, சேர்ப்பதே சரி. அப்போதும் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாளைக் காலை நிகழ்ச்சி ரத்து என்ற செய்தியை அதை நம்பி எதிர்பார்க்கக் கூடாது.

பதிவு செய்யும்போது பெயரை வேலையாகவே எழுதுங்கள். 'ஸ்போர்ட்ஸ் டே' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. புதன் மாலை 6 மணிக்கு 'வெள்ளை ஷூ கழுவிக் காயவை' என்று தனியாக ஒரு பதிவு இருந்தால் அதை அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை, பார்த்த யாரும் செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி சேமிப்பு அமைப்பு நினைவூட்டலைத் தாமதப்படுத்தினால், காலண்டர் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை ஏன் இதில் சேர்க்கவில்லை

பல வீடுகளில் நடைமுறைக் காலண்டரே வகுப்புக் குரூப்தான். தகவல் வந்து சேரும் வாசலாக அது நல்லது, சேமித்து வைக்கும் இடமாக மோசம். ஒரு குரூப்பில் மூன்று செய்திகளைத்தான் மேலே பின் செய்து வைக்க முடியும், அதுவும் அதிகபட்சம் 30 நாள். தேதி மாறிய செய்தி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்துபோகும். படித்த அந்த நிமிஷமே காலண்டருக்கு மாற்றுங்கள். கை வேலையாக இருந்தால் அந்தக் குரூப்பை 'படிக்காதது' என்று குறித்து வையுங்கள், ராத்திரி திரும்பப் பார்க்க அது போதும்.

கை டைரி

நிகழ்ச்சிகளுக்கு இது மூன்றாம் இடம்தான். மணி அடிக்காது, மற்றவர் பார்க்க முடியாது, தொலைந்தால் எல்லாம் போச்சு. ஆனால் அன்றாட வெளிவேலைகளுக்கு இதை விட்டால் வேறில்லை, ஏனென்றால் அவற்றில் முக்கால்வாசிக்கு நேரமே கிடையாது. 'பட்டன் வாங்கணும்' என்பதைச் செவ்வாய் 4 மணிக்குப் போட்டால் செவ்வாய் தாண்டியதும் அது கண்ணில் படாமல் காணாமல் போகும்.

டைரியில் நாள்வாரியாக எழுதாமல் இடவாரியாக எழுதுங்கள்: ஸ்டேஷனரி கடை, மருந்துக்கடை, தையல்கடை, வங்கி. எந்தப் பக்கம் போக நேர்ந்தாலும் அந்தத் தலைப்பின் கீழ் இருப்பதை முடித்துவிட்டு வரலாம். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் ஷூ அளவு, சட்டை அளவு, அளந்த தேதி. கடையில் நிற்கும்போது இதைப் போனில் தேடுவதைவிடப் பக்கத்தைப் புரட்டுவது வேகம்.

எல்லா வேலையையும் ஒரே சுற்றில் முடிப்பதா, போகும் வழியில் ஒவ்வொன்றாகவா என்பதில் எங்கள் சாய்வு ஒரே சுற்றின் பக்கம், ஐந்து இடங்களுக்கு மிகாமல். சீக்கிரம் மூடுகிற வங்கியும் தபால் அலுவலகமும் முதலில். பொருளைத் திருப்பித் தருவது அடுத்து, ரசீது கையோடு. கனமானவை அதற்குப் பிறகு. குளிர்ச்சி கெடக் கூடாதவை கடைசி. பள்ளி விடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் சுற்று முடிகிற மாதிரி வையுங்கள், ஏதாவது ஒரு வரிசை எப்படியும் அந்த அரை மணியை விழுங்கிவிடும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பெரிய சுற்று வேண்டவே வேண்டாம். வழியில் முடிக்கும் வேலை என்றால் வரிசை இல்லாத, பத்து நிமிஷத்துக்குள் தீர்கிறது மட்டும்.

எதை எடுப்பது

வீட்டில் பெரியவர்கள் இருவரிடமும் போன் இருந்து, இருவரும் வெளியே போகிறவர்கள் என்றால் போன் காலண்டரே மூலப் பதிவு. வாரத்துக்கு ஒருமுறை வரும் ஏழு நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திருத்தம் எப்போதும் போனில்தான் முதலில். தாளில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு மூலப் பதிவு ஆகிவிட்டால் எதையும் நம்ப முடியாது.

பிள்ளைகளை அழைத்துவருவது தாத்தாவோ பாட்டியோ, அவர்கள் போன் பக்கமே போகாதவர்கள் என்றால் தலைகீழாக வையுங்கள்: சுவர்த் தாளே மூலப் பதிவு, கிளம்ப வேண்டிய நேரங்களுக்கு மட்டும் உங்கள் போனில் அலாரம். ஒரே பிள்ளை, ஒரே பள்ளி, அதிகம் விழாக்கள் இல்லை என்றால் சுவர் காலண்டரும் டைரியுமே தாராளம். மூன்று பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் படித்தால் போனைத் தவிர வேறு வழியில்லை, பிள்ளைக்கு ஒரு நிறம் வைத்து. பெரியவர்கள் செய்ய வேண்டிய முன்னேற்பாட்டு வேலைகளுக்கும் தனி நிறம் ஒன்று ஒதுக்குங்கள், ஏனென்றால் இருவருக்குள் பங்கு பிரிக்க வேண்டியது அந்த நிறத்தில் இருப்பதைத்தான்.