‘ஷால் பி’யா, ‘மஸ்ட் பி’யா? ஆளே இல்லாத சட்ட வாக்கியங்கள்

ஆங்கிலத்தில் எழுதிய வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தால், ‘ரிப்பேர்ஸ் ஷால் பி கேரீட் அவுட்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். ‘பழுதுகள் சரிசெய்யப்படும்’ என்று எழுதினால் வாக்குறுதி போல இருக்கிறது. ‘சரிசெய்யப்பட வேண்டும்’ என்றால் கட்டளை. சரி, எதை வைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி: யார் சரிசெய்வது? வீட்டுக்காரரா, குடியிருப்பவரா? மூலத்திலேயே ஆள் இல்லை.

சட்ட ஆங்கிலத்தில் இந்தத் துணைவினைச் சண்டை பழையது. ‘ஷால்’ வேண்டுமா, ‘மஸ்ட்’ வேண்டுமா என்றே பலரும் வாதிடுகிறார்கள். அதே அளவு குழப்பம் பின்னால் வரும் ‘பி’யிலும், அதாவது செயப்பாட்டு வினையிலும் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ‘ஷால் பி’. கேட்க கம்பீரம், உள்ளே தளர்ச்சி. இந்திய அரசியலமைப்பின் 320(3) பிரிவு, அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை போன்ற விஷயங்களில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் ‘ஷால் பி கன்சல்டட்’ என்கிறது. படித்தால் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் 1957-ல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வழிகாட்டும் விதிதான், மீறியதாலேயே நடவடிக்கை செல்லாமல் போகாது என்றது. அமெரிக்காவிலும் இதே கதை. கூட்டாட்சி அரசின் ஊழியர் மீது வழக்கு வந்து, அவர் பணியின்போதுதான் அதைச் செய்தார் என்று அட்டர்னி ஜெனரல் சான்றளித்தால், அவர் இடத்தில் அமெரிக்க அரசு பிரதிவாதியாக ‘ஷால் பி சப்ஸ்டிட்யூட்டட்’ என்றது சட்டம். அப்படியானால் அந்தச் சான்றை நீதிமன்றம் கேள்வி கேட்கவே முடியாதா? முடியும் என்று 1995-ல் லமாக்னோ வழக்கில் தீர்ப்பெழுதிய அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க், சட்டம் எழுதுபவர்கள் ‘ஷாலை’ சில நேரம் ‘மே’ என்ற பொருளில்கூடத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று குறிப்பிட்டார்.

‘மஸ்ட் பி’ பக்கம் வந்தால் மூச்சு விடலாம். கட்டாயம் என்றால் கட்டாயம். எதிர்காலம், வாக்குறுதி என்ற நிழல் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியலமைப்பு ‘ஷால்’ பாணியில் இருந்தது. 1996-ல் வந்த நிரந்தர அரசியலமைப்பு ‘மஸ்டு’க்கு மாறியது. கடமையைச் சொல்ல என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் ‘ரிப்பேர்ஸ் மஸ்ட் பி கேரீட் அவுட்’ என்று மாற்றிவிட்டால் வீட்டுக்காரர் வந்து குதித்துவிடுவாரா என்ன? கட்டாயம் தெளிவாயிற்று, ஆள் இன்னும் வரவில்லை.

இதை அருகிலிருந்து பார்க்க அமெரிக்க உரிமையியல் நடைமுறை விதிகளில் 56-ஆம் விதியைப் போல ஓர் உதாரணம் கிடைக்காது. முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு வழங்குவது பற்றிய விதி அது. 1938-லிருந்து தீர்ப்பு ‘ஷால் பி ரெண்டர்ட்’ என்றிருந்தது. 2007-ல் எளிய நடைக்கு மாற்றியவர்கள் ‘ஷுட் பி ரெண்டர்ட்’ ஆக்கினார்கள். அப்படியானால் நீதிபதி மறுக்கவும் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. 2010-ல் ‘ஷால்’ திரும்பி வந்தது. ஆனால் வாக்கியம் பழையபடி வரவில்லை: ‘த கோர்ட் ஷால் கிராண்ட்’. துணைவினைதான் பேச்சாக இருந்தது, நடுவில் சத்தமில்லாமல் நீதிமன்றம் எழுவாயாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியென்றால் செயப்பாட்டு வினையே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். இந்திய அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு ‘த ஸ்டேட் ஷால் நாட் டினை’ என்று அரசைப் பெயர் சொல்லிக் கட்டுகிறது. 21-ஆம் பிரிவோ ‘நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட்’ என்கிறது. உயிரைப் பறிப்பவர் யார் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் இடம் இருக்கிறது. 2023-ல் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு, இந்த உரிமையை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது. அப்புறம் ‘ஷால் பி டீம்ட்’. ‘கருதப்படும்’ என்று சட்டம் கற்பனை செய்துகொள்ளும் இடத்தில் கருதுபவரைத் தேடுவதே வீண்.

‘வில் பி’க்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனங்களின் கடிதங்களில் மரியாதையாக இருக்கும். கடமையை அதில் எழுதினால் தகவலா கட்டளையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

‘மே பி’ அனுமதி தருகிறது, யாருக்கு என்று சொல்வதில்லை. ‘த அக்ரிமென்ட் மே பி டெர்மினேட்டட்’ என்றால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை ஒருவருக்கா, இருவருக்குமா? இதைவிட ஆபத்து அதன் எதிர்மறை. அதே வாடகை ஒப்பந்தத்தில் ‘த பிரெமிசஸ் மே நாட் பி சப்லெட்’ என்றிருக்கும். வீட்டை உள்வாடகைக்கு ‘விடக் கூடாது’ என்பதே நோக்கம். ஆனால் அதே சொற்கள் ‘விடப்படாமலும் போகலாம்’ என்றும் இழுக்க இடம் தருகின்றன. அந்த இடத்தில் ‘மஸ்ட் நாட்’ போடுவேன். முன்னால் குடியிருப்பவரையும் எழுவாயாக நிறுத்துவேன்.