அரிப்பை அளக்க எடைத் தராசா, கதிரியக்கத் தடங்காட்டியா?

மூன்று மாதம் ஓடிய ஒரு சோதனைக்காக அரிப்பை அளக்கும் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கார்பன் எஃகுக் குழாய், அதற்குள் ஆக்சிஜன் நீக்கி கரியமில வாயு கரைத்த உப்புநீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் சேர்க்கும் அரிப்புத் தடுப்பான், குழாயின் வளைவைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி. நேர்க்குழாய் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நீர் வேகமாக வந்து மோதித் திரும்பும் அந்த வளைவின் வெளிப்பக்கச் சுவர்தான் முதலில் போகும் இடம். எடை இழப்புக் கூப்பன் (நீரில் தொங்கவிடும் சின்ன உலோகத் துண்டு), மின்வேதி புரோப் (நீருக்குள் செருகும் மின்முனைக் கருவி), கதிரியக்கத் தடங்காட்டி என்று மூன்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் தடங்காட்டியை எடுத்தேன். இன்னொரு முறை கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

கூப்பன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எடை போடு, தொங்கவிடு, எடுத்துக் கழுவு, மறுபடி எடை போடு. தராசைக் குறை சொல்ல முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டர் எஃகில் ஒரு மைக்ரான் கரைந்தால் சுமார் 0.8 மில்லிகிராம் குறையும், 20 சதுர சென்டிமீட்டர் கூப்பன் என்றால் 16 மில்லிகிராம் வரும். அது சாதாரண ஆய்வகத் தராசுக்கே எளிது. சிக்கல் கழுவுவதில் இருக்கிறது. ஆன்டிமனி டிரையாக்சைடும் ஸ்டேனஸ் குளோரைடும் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துரு போகும், ஆனால் அடியில் இருக்கும் நல்ல உலோகமும் கொஞ்சம் போகும். அதைக் கழிக்க அரிக்காத கூப்பன் ஒன்றையும் கூடவே கழுவ வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் கிடைப்பது மொத்தக் காலத்துக்கான ஒரே ஒரு சராசரி. எந்த நாளில் எவ்வளவு போனது என்று கேட்டால் கூப்பனிடம் பதில் இல்லை.

மின்வேதி முறை, அதாவது மின்னழுத்தத்தை லேசாக மாற்றி வரும் மின்னோட்டத்தை அளக்கும் லீனியர் போலரைசேஷன், அந்தந்த நேரத்து அரிப்பு வேகத்தைச் சொல்லிவிடும். ஸ்டெர்னும் கியரியும் 1957இல் கொடுத்த சமன்பாட்டின் மேல்தான் அது நிற்கிறது. உப்புநீரில் நன்றாகவே வேலை செய்யும், எண்ணெய் கலந்தால் தடுமாறும். ஆனால் அது அளப்பது புரோப்பின் முனையில் இருக்கும் மின்முனையை. என் வளைவின் சுவரை அல்ல. எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. கையில் பிடிக்கும் அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வெளியிலிருந்தே சுவரை அளக்கும்தான், ஆனால் வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் போகிற இடத்தில் அது வித்தியாசத்தை உணர்வதற்குள் சோதனையே முடிந்துவிடும்.

சரி, தடங்காட்டிக்கு வருகிறேன். இதற்கு மெல்லடுக்குக் கதிரியக்கமூட்டல் என்று பெயர். வளைவைப் பிளந்து, உள்பக்கத்தில் நாம் கவலைப்படும் அந்த ஒரு இடத்தில் மட்டும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து புரோட்டான் கற்றையைச் செலுத்துவார்கள். இரும்பு-56 ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒரு நியூட்ரானை விட்டுவிட்டு, காமாக் கதிர் வீசும் கோபால்ட்-56 ஆகும். கற்றையின் ஆற்றலையும் சாய்வையும் வைத்து ஆழத்தைத் தீர்மானிக்கலாம், எங்களுக்கு 100 மைக்ரான் அளவு. மாறும் அணுக்கள் கோடியில் ஒன்றுகூட இல்லை, அதனால் உலோகம் அதே உலோகம்தான். பிறகு குழாயை மறுபடி சேர்த்து, வெளியே ஒரு சோடியம் அயோடைடு டிடெக்டரை வைத்துச் சுவரைத் தாண்டி வரும் காமாக் கதிர்களை எண்ண வேண்டியதுதான். உள்ளே உலோகம் கரைந்து நீரோடு போகப் போக எண்ணிக்கை குறையும்.

கேட்க இவ்வளவு சுலபமாக இருந்தாலும், இந்த முறை நிற்பதும் விழுவதும் ஒரே விஷயத்தில்தான்: அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் தானாகவே பாதியாகக் குறைய ஆகும் காலம். கோபால்ட்-56இன் அரை ஆயுள் சுமார் 77 நாள். அப்படியானால் ஒரு துளி அரிப்பு நடக்காவிட்டாலும் எண்ணிக்கை தினமும் 0.9 சதவீதம் தானாகவே குறையும். வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அரிப்பு என்றால் ஒரு நாளைக்கு 0.27 மைக்ரான், 100 மைக்ரான் அடுக்கில் தோராயமாக 0.27 சதவீதம். நாம் தேடும் குறைவைவிட மூன்று மடங்கு பெரிய குறைவு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது! இதைச் சரியாகக் கழிக்காதவர் அரிப்பை அளக்கவில்லை, கோபால்ட் சிதைவதைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்.

கணக்குப் போட்டுக் கழிக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் கற்றையில் கோபால்ட்-56 மட்டும் உருவாவதில்லை, கொஞ்சம் கோபால்ட்-57, கோபால்ட்-58 எல்லாம் கூடவே வரும், ஒவ்வொன்றுக்கும் தனி அரை ஆயுள். டிடெக்டரும் அறை வெப்பம் மாறினால் லேசாக நகரும். அதனால் அதே எஃகு, அதே கற்றை, அதே நாளில் தயாரித்த இன்னொரு துண்டை நீர் படாமல் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதையும் எண்ணி, இரண்டின் விகிதத்தை மட்டும் எடுக்க வேண்டும். சிதைவும் டிடெக்டரின் நகர்வும் இரண்டிலும் ஒன்றாகவே நடப்பதால் அடிபட்டுப் போகும். பொறுமையும் வேண்டும்: 0.1 சதவீதத் துல்லியத்துக்குப் பத்து லட்சம் எண்ணிக்கை தேவை, நொடிக்கு 200 வந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். மூன்று மாதம் கழித்துக் கதிரியக்கம் பாதிக்கும் கீழே போயிருக்கும், அப்போது அதே துல்லியத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். ஒரு வருடம் ஓட்ட வேண்டிய சோதனைக்கு கோபால்ட்-56ஐ நான் சொல்ல மாட்டேன், 4 சதவீதம்கூட மிஞ்சாது.

அப்படியானால் 272 நாள் அரை ஆயுள் உள்ள கோபால்ட்-57 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, டியூட்டெரான் கற்றையால் தயாரிக்கலாம். ஆனால் அதன் காமாக் கதிரின் ஆற்றல் 122 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், ஒரு சென்டிமீட்டர் எஃகுச் சுவரைத் தாண்டி எட்டில் ஒரு பங்குதான் வெளியே வரும். கோபால்ட்-56இன் 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரோ பாதிக்கும் மேல் வந்துவிடும். தடித்த குழாய்க்குக் குறைந்த ஆயுள், மெல்லிய சுவருக்கு நீண்ட ஆயுள், இவ்வளவுதான் தேர்வு.

பலன் எங்கே தெரிந்தது என்றால், ஒரு வெள்ளி இரவு தடுப்பான் ஊற்றும் சின்ன பம்ப் நின்றுபோய் திங்கள் காலைதான் பார்த்தோம். விகித வரைபடத்தில் சனிக்கிழமையிலிருந்து கோடு பளிச்சென்று கீழே மடங்கியிருந்தது. பம்ப்பைச் சரிசெய்த பிறகும் உடனே பழைய சாய்வுக்கு வரவில்லை, இரண்டு நாள் எடுத்தது. அந்த வளைவில் தடுப்பான் படலம் திரும்ப ஒட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது என்பதை குழாயைத் திறக்காமலே பார்த்தோம்.

குறையும் உண்டு. கரைந்த உலோகம் போய்விட வேண்டும், துருவாக அங்கேயே ஒட்டிக்கொண்டால் கதிரியக்கமும் அங்கேயே இருக்கும், டிடெக்டர் இழப்பே இல்லை என்று சொல்லும். எங்கள் நீரில் ஆக்சிஜன் இல்லாததால் தப்பித்தோம். தடித்த துரு படியும் காற்றோட்டமான நீரில் இதை மட்டும் நம்புவது சரியில்லை. குழி அரிப்பிலும் கவனம் தேவை, கதிரியக்கமூட்டிய பரப்பு முழுவதற்குமான சராசரிதான் வரும், ஒரு ஆழமான குழி அதில் கரைந்துபோகும். செம்பில் துத்தநாகம்-65ஐ உருவாக்கி இதையே செய்கிறார்கள், நான் கையாண்டது எஃகு மட்டும், அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு சொல்லவில்லை. அப்புறம் கதிரியக்க அளவு சில லட்சம் பெக்கரல்தான் (நொடிக்கு அத்தனை அணுச் சிதைவு) என்றாலும் அனுமதி, பதிவேடு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்து எல்லாம் வேண்டும், அதற்கான நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கூப்பனையும் நான் விட்டுவிடவில்லை. நேர்க்குழாயில் இரண்டு தொங்கவிட்டிருந்தேன். கடைசியில் கழுவி எடை போட்டபோது அவை காட்டிய ஆழத்தைப் போல வளைவில் இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது. தடுப்பானின் அளவைக் கூட்டி மறுபடி ஓட்டுவதற்கு அடுத்த வளைவு இப்போது சைக்ளோட்ரானுக்குப் போயிருக்கிறது, இந்த முறை ஒப்பீட்டுத் துண்டு இரண்டாகக் கேட்டிருக்கிறேன்.