பணியாளர் ஈடுபாட்டுச் சேவை: சுங்கை சிப்புட் ஆலை ஒன்றில் பெற்ற பயன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பணியாளர் நலனைக் கவனித்து வருகிறேன். நல்ல ஆட்கள் அடுத்தடுத்து விலகியதால், ஈப்போவில் இயங்கும் பயிற்சி நிறுவனம் ஒன்றின் பணியாளர் ஈடுபாட்டுச் சேவையைப் பெற்றோம். கருத்தாய்வு, மண்டோர்கள் எனப்படும் மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி, குழு உணர்வை வளர்க்கும் ஒருநாள் நிகழ்ச்சி ஆகியவை அதில் அடங்கும். மூன்றும் ஒரே தரத்தில் அமையவில்லை.

மண்டோர் பயிற்சிக்கு முழு மதிப்பெண் தரலாம். அறுத்த பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெட்டுவிடும் என்பதால், காய்ப்பு மிகுந்த மாதங்களில் இரவு வேலை தவிர்க்க முடியாதது. அதைத் தொழிலாளர்களும் நன்கு அறிவார்கள். அன்றிரவு வேலைக்கு வரவேண்டும் என்பதை அன்று பிற்பகலில்தான் சொல்கிறார்கள் என்பதே அவர்களின் மனக்குறையாக இருந்தது. பயிற்றுநர் பொதுவான அறிவுரைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், எங்கள் பணிமுறை அட்டவணையையே மேசைமேல் விரித்து, மண்டோர்களைக் கொண்டே திருத்தி எழுதவைத்தார். இப்போது அடுத்த வாரத்துக்கான அட்டவணை வெள்ளிக்கிழமையே பலகையில் ஒட்டப்படுகிறது. தவறு செய்தவரைப் பலர் முன்னிலையில் அதட்டாமல் தனியே அழைத்துப் பேசும் முறையையும் நடித்துக் காட்டிப் பழக்கினார். கொதிகலன் பகுதியில் அதன் பலனை நானே பார்க்கிறேன்.

கருத்தாய்வில் ஒரு பெருங்குறை இருந்தது. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப், பணியாளர் ஈடுபாட்டை அளக்க வகுத்த புகழ்பெற்ற 12 கேள்விகளை ஒட்டி அமைந்த தாளில், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிரிவு, வயது, பணியாண்டு மூன்றையும் கேட்டிருந்தார்கள். ஆறே பேர் வேலை செய்யும் பகுதியில் இவற்றை நிரப்பினால் எழுதியவர் யார் என்பது கிராணிக்கு (அலுவலக எழுத்தருக்கு) நொடியில் தெரிந்துவிடும். அதுவும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஊரில் யார் மனம்விட்டு எழுதுவார்கள்? சுட்டிக்காட்டியதும் மறுப்பின்றி அப்பகுதியை நீக்கி, புதிய தாள்களைக் கொண்டுவந்தார்கள்.

முடிவுகளை நிர்வாகத்திடம் மட்டும் ஒப்படைக்காமல், உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் தமிழிலும் மலாயிலும் வாசித்துக் காட்டியதை மனமாரப் பாராட்டுகிறேன். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டித் தோட்டத்தில் பங்கு தேடிய தலைமுறையின் பிள்ளைகள் இங்கே வேலை செய்கிறார்கள். தாங்கள் சொன்ன கருத்து என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீராவிக் கலன்களுக்கு அருகே குடிநீர் இல்லை என்ற புகார் அந்தக் கூட்டத்தில்தான் மேலாளரின் காதுக்கு எட்டியது. மறுவாரமே தொட்டி வைக்கப்பட்டது.

லுமுட் கடற்கரையில் நடந்த குழு நிகழ்ச்சியைப் பரிந்துரைக்க மாட்டேன். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்ததால், வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளும் போயிற்று. வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 முதல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்திருக்கும் நிலையில், ஓய்வு நாளில் கயிறு இழுக்க வைப்பது எவருக்கும் மனநிறைவு தராது.

நாங்கள் மாதந்தோறும் செலுத்தும் மனிதவள மேம்பாட்டு நிதியிலிருந்து பயிற்சிக் கட்டணத்தைக் கோர முடிந்தது. கருத்தாய்வுச் செலவை ஆலை ஏற்றது. பயிற்சியையும் கருத்தாய்வையும் மட்டும் தனியாகப் பெற முடியும் என்பதால், இவ்வாண்டு அவ்விரண்டுக்கு மட்டுமே ஒப்பந்தம் செய்திருக்கிறோம்.