எழும்பித் திரும்புவதா, காலைத் தளர்த்தித் திரும்புவதா?

பனிச்சறுக்கில் ஒரு திருப்பம் முடியும்போது எடை பெரும்பாலும் கீழ்ப்பக்க ஸ்கீயின் (சரிவில் தாழ்வாக இருக்கும் பலகையின்) எட்ஜில், அதாவது பனியைக் கடிக்கும் உலோக ஓரத்தில்தான் இருக்கும். அடுத்த திருப்பத்துக்குப் போக அந்த எட்ஜை விட்டாக வேண்டும். எப்படி விடுவது என்பதில்தான் தகராறே.

பழைய வழி, மேல்பக்கக் காலில் எடையை மாற்றி, முழங்காலை நீட்டி எழும்புவது. எழும்பும் வேகத்தில் ஸ்கீ ஒரு கணம் லேசாகும், அப்போது திருப்பிவிடலாம். நீளமான நேர் ஸ்கீ காலத்தில் இதற்கு நல்ல பலன் இருந்தது. 1993-இல் இலான் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ் ஸ்கீ வந்து, நடுவில் ஒடுங்கிய ஸ்கீகள் பரவிய பிறகு நிலைமை மாறிவிட்டது, சாய்த்தாலே வளைந்து போகிற ஸ்கீயை எதற்கு லேசாக்க வேண்டும்? ஆனாலும் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது "எழு, உட்கார்"தான். இரண்டு சீசன் அப்படியே எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

இன்னொரு வழி, கீழ்க்காலைத் தளர்த்துவது. திருப்பத்தின் கடைசியில் புவியீர்ப்பும் திரும்பும் விசையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து அழுத்தும், அதற்கு முட்டுக்கொடுத்து நிற்பது அந்தக் கால்தான். அதை மடக்கினால், கம்பை உருவிய பந்தல் மாதிரி உடம்பு தானாகவே ஸ்கீகளைத் தாண்டிச் சரிவுப் பக்கம் சாயும், எடையும் மேல் ஸ்கீக்கு வந்துவிடும். தலை மேலே போவதில்லை, ஸ்கீ பனியை விட்டு எழுவதுமில்லை. ஐஸ் படிந்த சரிவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்: எழும்புகிறவருக்குத் திரும்ப இறங்கி வந்த பிறகுதான் பிடி கிடைக்கும், அதற்குள் திருப்பம் பாதி போயிருக்கும், மிச்சப் பாதியில் சறுக்கல்தான்.

தளர்த்துவதிலும் ஒரு கோளாறு உண்டு. பலர் காலை மடக்கச் சொன்னால் நாற்காலியில் உட்கார்வது போல இடுப்பைப் பின்னால் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஸ்கீ முன்னால் ஓடும், தொடை எரியும். கணுக்காலையும் சேர்த்து மடக்கி, பாதத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாகப் போகும்போது மட்டும் எழும்பும் வழிக்கே என் ஓட்டு. வேகமில்லாத இடத்தில் உடம்பை மறுபக்கம் கொண்டுபோக விசை கிடையாது, தளர்த்தினால் அங்கேயே தொப்பென்று விழ வேண்டியதுதான். ஆனால் நேரே மேலே எழாமல், சரிவுப் பக்கமாகச் சாய்ந்து எழ வேண்டும்.

ஒயிட் பாஸ் திருப்பம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, எடையை மாற்றாமலே எட்ஜை விடுவது. மேல் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு, பழைய கீழ் ஸ்கீயிலேயே நின்று, அதைச் சுண்டுவிரல் பக்கத்து எட்ஜுக்கு உருட்டி, ஸ்கீ நேராகச் சரிவைப் பார்க்கும்போது மற்றக் காலுக்கு மாற வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ஒயிட் பாஸ் மலையின் பெயர் இது, 1984 சரயேவோ ஒலிம்பிக்கின் ஸ்லாலமில் (கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம்) தங்கமும் வெள்ளியும் வென்ற இரட்டையர் ஃபில் மேர், ஸ்டீவ் மேர் பழகிய மலை. தினசரி ஓட்டத்துக்கு இது வேண்டாம். ஆனால் எளிதான சரிவில் பத்து முறை செய்து பாருங்கள், எந்தப் பக்கம் தடுமாறுகிறீர்களோ அந்தப் பக்கத் திருப்பத்தில்தான் இத்தனை நாளும் எட்ஜை விடாமல் ஸ்கீயின் பின்நுனியை வாலாட்டித் தள்ளிக்கொண்டிருந்திருப்பீர்கள். எனக்கு அது இடது பக்கம்.