பழைய பிரெஞ்சு நாவல்களும் பயண நூல்களும்: எங்கே தேடினால் எது கிடைக்கும்?

பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களிடம்கூடப் பழைய இலக்கியம் என்றால் ஹ்யூகோ, ஃப்ளோபேர், மொப்பசான், ஜூல் வெர்ன் என்று நாலைந்து பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே காலத்தில் அருமையாக எழுதிவிட்டு இன்று அலமாரியில் தூங்குபவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிப் போக முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணைய நூலகமான காலிகா, தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருக்கும் இலவச நூலகங்கள், பதிப்பகங்களின் மறுபதிப்பு வரிசைகள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயண நூலுக்குக் காலிகா, நாவலுக்குத் தன்னார்வலர் நூலகம், எழுதியவர் இறந்தபின் பிறர் கைபட்டு வெளிவந்த நூல் என்றால் காசு கொடுத்து நல்ல பதிப்பு.

காலிகா 1997இல் தொடங்கியது. அதில் ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைத் தேடுவதைவிட ஒரு பழைய இதழின் தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேய்வதுதான் லாபம். என் பரிந்துரை ‘லெ தூர் தியு மோந்த்’. எதுவார் ஷார்தோன் 1860இல் அஷெத் பதிப்பகத்தில் தொடங்கிய பயண இதழ் இது, 1914 வரை வந்தது. அங்கோர்வாட் பற்றி ஐரோப்பாவில் பரபரப்பை உண்டாக்கிய ஹென்ரி மூஓவின் சயாம், கம்போடியப் பயணம் 1863இல் இதில்தான் வந்தது. மூஓ அதற்கு இரண்டு ஆண்டு முன்பே லாவோஸில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். குஸ்தாவ் தொரே படம் வரைந்த ஸ்பெயின் பயணமும் இதில்தான் தொடராக வந்தது. 1860களில் நம் நாட்டுச் சமஸ்தானங்களைச் சுற்றிய லூயி ரூஸ்லெ, கூடவே கேமராவும் வைத்திருந்தார். அந்தப் புகைப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய மரச்செதுக்குப் படங்களோடு அவர் தொடர் இங்கே வந்து, 1875இல் பெரிய புத்தகமாயிற்று. ஒருவரைத் தேடி உள்ளே போனால் பக்கத்திலேயே இன்னும் நாலு பேர் அறிமுகமாகிவிடுவார்கள். வேறு எந்த வழியிலும் இந்தச் சுகம் இல்லை.

காலிகாவின் தொல்லையையும் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது பக்கத்தின் ஸ்கேன். தேடல் நடப்பதோ இயந்திரம் அந்தப் படத்தைப் பார்த்துப் பிரித்தெடுத்த எழுத்தில். 19ஆம் நூற்றாண்டு அச்சு என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். 18ஆம் நூற்றாண்டுக்குப் போனால் சிக்கல். புதுச்சேரியில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னெராவின் 1782ஆம் ஆண்டுப் பயண நூலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துத் தொழில்களையும் தெய்வங்களையும் காட்டும் செப்புத்தகட்டுப் படங்கள் நிறைந்த நூல் அது. அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீண்டு எஃப் போலவே இருக்கும். ‘இருக்கிறார்கள்’ என்று பொருள்படும் ‘சோன்’ இயந்திரத்தின் கண்ணுக்கு ‘செய்கிறார்கள்’ என்ற ‘ஃபோன்’ ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள், ஆகவே எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் வேறு: மதுரை ‘மதுரே’, தஞ்சாவூர் ‘தஞ்சவூர்’ என்ற ஒலிப்பில் இருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று திரும்பிவிடக் கூடாது. தேடல் பெட்டியை நம்பாமல் பொருளடக்கத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் போவதே நல்லது. கைபேசியில் அது முடியாத காரியம், மடிக்கணினி வேண்டும்.

தன்னார்வலர் நூலகங்களில் பிரெஞ்சு விக்கிமூலத்துக்கே என் முதல் ஓட்டு. ஸ்கேனும் தட்டச்சும் அருகருகே இருக்கும். ஒருவர் பிழை பார்த்த பக்கம் மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்த பக்கம் பச்சை. சந்தேகம் வந்தால் மூலப் பக்கத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். குட்டன்பர்க் திட்டத்திலும் சுத்தமான கோப்புகள் கிடைக்கும், ஆனால் விக்கிமூலத்தைப் போல ஸ்கேனை அருகில் வைத்து ஒப்பிட்டுப் படிக்கும் வசதி இல்லை. கியூபெக் மின்நூலகத்தின் பிடிஎஃப்களில் எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணுக்கு இதம். காதால் கேட்க விரும்புகிறவர்களுக்கு லிதெராத்யூர் ஒதியோ தளம்.

நாவலுக்கு இவையே போதும் என்பேன். எழேன் ஃப்ரோமோந்தேன் என்ற ஓவியர் எழுதிய ஒரே நாவல் ‘தொமினிக்’, 1863. தன் இளமைக்காலக் காதலை நடுவயதில் ஒருவர் நிதானமாகச் சொல்லும் கதை. அட்லாண்டிக் கரையோரத்து இலையுதிர்காலமும் திராட்சை அறுவடையும் ஓவியர் கண்ணில் பட்ட மாதிரியே எழுத்தில் இருக்கும். இப்படிப்பட்ட நாவலுக்குப் படமோ அடிக்குறிப்போ தேவையில்லை, நல்ல எழுத்தில் இருந்தால் சரி. பயண நூல்களில்தான் இந்த நூலகங்கள் பின்தங்குகின்றன. தன்னார்வலர்கள் தங்களுக்குப் பிடித்ததைத்தான் ஏற்றுவார்கள், வரைபடமும் பட்டியலும் நிறைந்த தடித்த நூலில் கை வைக்க ஆள் குறைவு.

அப்புறம் மறுபதிப்புகள். இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு வாங்க வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இசபெல் எபர்ஹார்ட். ஜெனீவாவில் பிறந்து, ஆண் உடையில் அல்ஜீரியப் பாலைவனத்தைச் சுற்றி, இஸ்லாத்தைத் தழுவியவர். 1904இல் ஐன் செஃப்ராவில் திடீர் வெள்ளத்தில் 27 வயதில் இறந்தார். சேற்றிலிருந்து மீட்ட கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரிகையாசிரியர் விக்தோர் பாருகான் சரிசெய்து, தாராளமாக மாற்றி, தன் பெயரையும் சேர்த்து 1906இல் வெளியிட்டார். காப்புரிமை தீர்ந்து சுலபமாகக் கிடைக்கும் பழைய பதிப்பு அதுதான். அதில் எந்த வாக்கியம் எபர்ஹார்ட்டுடையது, எது பாருகானுடையது என்று படிப்பவருக்குத் தெரியாது. மரி-ஓதீல் தெலாகூரும் ழான்-ரெனே யூலூவும் கையெழுத்துப் பிரதிகளுக்குத் திரும்பிப்போய் 1980களின் இறுதியில் அவர் எழுத்துகளைத் தொகுத்தார்கள். கிராஸே பதிப்பகம் வெளியிட்ட அந்தப் பதிப்பை வாங்கிப் படிப்பதே எபர்ஹார்ட்டுக்குச் செய்யும் நியாயம்.

வரிசைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. விக்தோர் செகாலென் 1907இல் புனைபெயரில் வெளியிட்ட தஹித்தி நாவல் ‘லே இமெமோரியோ’ கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1956இல் ‘தேர் யுமேன்’ வரிசையில் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ரோஸுக்கு அடுத்த அலமாரியில் வந்தபின் புது வாசகர்கள் கிடைத்தார்கள். யாரோ ஒரு நல்ல வாசகர் தேர்ந்தெடுத்து வைத்ததை நாம் நம்பலாம்.

காப்புரிமைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, போரில் நாட்டுக்காக உயிர்விட்டவர் என்றால் கூடுதலாக 30. இந்தியாவில் 60. திபெத் போன அலெக்சாந்த்ரா தவீத்-நீல் 1969இல் இறந்தார். அவருடைய நூல்கள் இங்கே 2030இல் பொதுச்சொத்தாகும், பிரான்ஸில் 2040இல். பயண எழுத்தாளர்களான எல்லா மையார் (Ella Maillart), நிக்கோலா பூவியே போன்றவர்கள் இலவச நூலகங்களுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். இப்போதைக்குப் பாயோ பதிப்பகத்தின் பயணியர் வரிசைதான் வழி. பழைய புத்தகக் கடைகளில் அந்தச் சின்னப் புத்தகங்கள் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.