புகை போட்ட கட்டடத்தில் ஆறு வருடம்

பழைய ஆலைக் கட்டடத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள், முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். மேலே பூசியிருப்பது சிமெண்டா சுண்ணாம்புக் காரையா என்று கேளுங்கள். சமையலறை, குளியலறையெல்லாம் அப்புறம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ரப்பர் சீட்டுகளை, அதாவது ரப்பர் பாலை உறையவைத்து எடுத்த தகடுகளை, புகை போட்டுக் காயவைத்த செங்கல் கட்டடம் இது. இப்போது இரண்டு மாடியில் பதினான்கு வீடுகள். நாங்கள் கீழ்த்தளம். இரண்டாவது மழைக்காலத்திலேயே முழங்கால் உயரத்துக்குச் சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து கொட்டியது. கட்டடத்தை வீடுகளாக மாற்றி விற்ற மேம்பாட்டாளரின் ஆட்கள் வந்து மறுபடியும் பெயிண்ட் அடித்தார்கள். மூன்றே மாதம், திரும்பவும் உப்பு.

பழைய செங்கல் சுவர், தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புக் காரை என்றால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது. வியன்னாவில் 1896 முதல் 1899 வரை கட்டிய நான்கு பெரிய எரிவாயுத் தொட்டிகளை 2001 வாக்கில் குடியிருப்பாக மாற்றியபோது, வெளிச்சுவரை நிறுத்திக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டினார்கள். இங்கே பழைய சுவர்தான் என் படுக்கையறைச் சுவர். கடைசியில் கீழ்த்தளத்து நான்கு குடும்பம் சேர்ந்து, சிமெண்டைக் கொத்தி எடுத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். மூன்று வருடமாகச் சுவர் நன்றாக இருக்கிறது. சொந்தக் காசு போனதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

அம்மா இங்கே ரோலரில் சீட்டு எடுத்தவர். அப்பா கீழே அடுப்புக்கு விறகு போட்டவர். ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் நான்கைந்து நாள் சீட்டுகள் தொங்குமாம். தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை அந்த அடுப்பு எரிந்தது. மழை பிடித்தால் செங்கல்லிலிருந்து லேசாகப் புகை வாசனை வரும். முதல் தடவை அம்மா சுவரோரம் நின்று, “இது உங்கப்பா சட்டை வாசனைடா” என்றார். சிமெண்டைக் கொத்திய பிறகு அது கொஞ்சம் கூடியிருக்கிறது. அதை மறைக்க நாங்கள் எதுவும் செய்யவில்லை.

மேல்மாடி வேறு கதை. புகை வெளியேறக் கூரை உச்சியில் விட்ட திறப்பைச் சிலர் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். மத்தியானம் அங்கே ஏர்கோன் இல்லாமல் உட்கார முடியாது. வலை மட்டும் அடித்துத் திறந்து விட்ட அக்கா வீட்டில் காற்றாடி போதும். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பேச முடியாது, அது உண்மை.

பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை, பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்குத் தனியாகக் கட்டுகிறோம். புது அடுக்குமாடிக் கொண்டோவுக்கு அது போதலாம், இந்த வயதுக் கட்டடத்துக்குப் போதாது. அடுத்த கூட்டத்தில் கூட்டித் தரச் சொல்லி நானே கை தூக்கப் போகிறேன். கூரைத் தகரம் இந்த வருடமே மாற வேண்டும், உச்சித் திறப்பை அடைக்காமல்.