மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மருத்துவ உதவியாளர் ஆக்குகிறோம் என்ற ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்திடம் எட்டு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சேர்க்கைக்குப் பொறுப்பான பெண் முதல் அழைப்பிலேயே முக்கால் மணி நேரம் பேசினார். படுக்கையில் கிடந்த என் தாயாருக்கு நாள்தோறும் நானே இன்சுலின் போட்டதைச் சொன்னபோது, "உங்களுடையது பழகிய கை, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார். கிளினிக்கில் 160 மணி நேர நேரடிப் பயிற்சிக்குத் தாங்களே இடம் பிடித்துத் தருவதாகவும், கட்டணச் சலுகை அன்றிரவோடு முடிவதாகவும் சொன்னார். அம்மாவை விசாரித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. அன்றிரவே பணம் போயிற்று.

வந்தவை சில காணொளிகளும் ஒரு பெட்டியும்தான். பெட்டியில் ஊசி குத்திப் பழக ரப்பர் குழாய் பதித்த பஞ்சு அட்டை ஒன்றும், இரத்தம் எடுக்கும் முன் கையில் கட்டும் பட்டை ஒன்றும் இருந்தன; அந்தப் பட்டை இரண்டாவது முறை இறுக்கியதுமே அறுந்துபோயிற்று. இரத்தம் எடுக்கும் குழாய்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்பதை, மூடியின் நிறப்படி நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல் என்று மனப்பாடம் செய்தேன். ஊதா மூடிக் குழாயிலுள்ள, இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும் என்பது வரை எழுதுவேன். ஆனால் உயிருள்ள ஒருவரின் இரத்த நாளத்தை விரலால் தடவிப் பார்த்ததே இல்லை.

முதல் நேர்காணலில் மூத்த உதவியாளர் ஒருவர் தம் கையை நீட்டி இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பட்டையை ஊதிக் காற்றை இறக்கினேன், ஓசையே கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பின் காது நுனிகள் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நான் திருப்பி மாட்டியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த 160 மணி நேரம் என்னவாயிற்று என்று கேட்டபோது, முதலில் "இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள், பிறகு "பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்" என்றார்கள், மூன்றாம் மாதம் "கிளினிக்கை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும், விதிமுறைகளைப் படியுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். நானே நான்கு கிளினிக்குகளை அழைத்தேன். பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தமும் காப்பீடும் இல்லாத மாணவரை நோயாளியின் அருகே விட முடியாது என்று நான்கிலும் மறுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் 14 நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்தப் பெட்டி வந்து சேர்ந்ததே 20ஆம் நாள்! என்னிடம் பேசிய பெண்ணைக் கேட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். எட்டு மாதச் சம்பளம், ஒரு பஞ்சு அட்டைக்கு.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. நேரடிப் பயிற்சி எந்தக் கிளினிக்கில் என்று பெயரோடு எழுத்தில் வாங்கி, அந்தக் கிளினிக்கையே அழைத்துக் கேளுங்கள். படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் வேறு, தகுதித் தேர்வில் பெறும் சான்றிதழ் வேறு; இந்தப் படிப்பை ஏற்பார்களா என்பதைத் தேர்வு நடத்தும் அமைப்பிடமே விசாரியுங்கள். முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். சலுகை இன்றிரவோடு முடிகிறது என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.